மற்ற நால்வர்: புதிதாகக் கோச் ஆனவர்களுக்கு

"சார், நேத்து நம்ம பையன் ஒருத்தனே முப்பத்தெட்டு பாயிண்ட் சார்!" என்று போன் வரும். கல்லூரி அணியைப் புதிதாகக் கையில் எடுத்தவர்களில் பாதிப் பேராவது எனக்கு இப்படிப் பேசியிருக்கிறார்கள். மேட்ச் என்ன ஆச்சு என்று கேட்டால் குரல் இறங்கிவிடும். "ரெண்டு பாயிண்ட்ல போயிடுச்சு சார். மத்தவங்க யாரும் சப்போர்ட் பண்ணல." எனக்குப் பிடிக்காதது இந்தக் கடைசி வரிதான். மற்றவர்கள் ஏன் சப்போர்ட் பண்ணவில்லை என்பதற்குப் பதில் சொல்ல வேண்டியவரே போன் செய்தவர்தானே.

ஒரே ஆளை நம்பி ஆடும் அணியைப் பற்றி எனக்குத் தெரிந்ததைக் கீழே எழுதியிருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்கள். காரணம் எளிது. அங்கே எழுபது வருடத்துக்கு முந்தைய ஆட்டத்தில்கூட யார் எத்தனை புள்ளி எடுத்தார்கள் என்று எடுத்துப் பார்க்கலாம். நாம் போட்டி முடிந்த மறுநாளே ஸ்கோர் ஷீட்டைத் தொலைத்துவிடுகிறோம்.

1. விழாத பந்தையும் எழுதி வையுங்கள். டேபிளில் அதிகாரிகள் எழுதும் ஸ்கோர் ஷீட்டில் விழுந்த பந்துக்கும் ஃபவுலுக்கும்தான் இடம். எத்தனை முறை அடித்தான், எத்தனை தவறியது என்பது அதில் இருக்காது. பெஞ்சில் இருக்கும் பையன் ஒருவனிடம் நோட்டையும் பேனாவையும் கொடுத்து, ஒவ்வொரு ஷாட்டையும் பெயருக்கு நேரே கோடு போடச் சொல்லுங்கள். கோர்ட்டில் ஐந்து பேர். சமமாகப் பிரித்தால் ஆளுக்கு நூற்றுக்கு இருபது. நல்ல ஷூட்டர் முப்பது எடுப்பது நியாயம். நாற்பதைத் தாண்டினால் மற்ற நால்வரும் ஆடவில்லை, ஓடிக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள்.

இதன் உச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஆடிய பீட் மாராவிச்சைப் பாருங்கள். 1967 முதல் 1970 வரை மூன்று சீசன், 83 ஆட்டம், 3,667 புள்ளி. சராசரி 44.2. அப்போது கல்லூரி ஆட்டத்தில் மூன்று புள்ளிக் கோடே கிடையாது. முதலாண்டு மாணவர்கள் கல்லூரியின் முதன்மை அணியில் ஆடவும் முடியாது. இருந்தும் அந்தச் சராசரியை ஆண்கள் பிரிவில் இன்றுவரை யாரும் நெருங்கவில்லை. கோச் வேறு யாருமில்லை, அவருடைய அப்பா பிரெஸ் மாராவிச். மகன் ஆட்டத்துக்குச் சராசரியாக 38 ஷாட் அடித்தார். 1970 பிப்ரவரி 7 அன்று அலபாமாவுக்கு எதிராக 57 முறை அடித்து 69 புள்ளி எடுத்தார். லூசியானா ஸ்டேட் 106-104 என்று தோற்றது. அந்த மூன்று வருடத்தில் அணியின் கணக்கு: 14 வெற்றி 12 தோல்வி, 13 வெற்றி 13 தோல்வி, 22 வெற்றி 10 தோல்வி. தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் என்.சி.ஏ.ஏ. போட்டிக்கு ஒரு முறைகூட அவர்கள் போகவில்லை. மாராவிச்சின் திறமையைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அந்தப் பந்துக் கையாளுதலைப் பார்த்து மலைக்காத ஆட்டக்காரர் இல்லை. ஆனால் கோச் வேலை என்று பார்த்தால் அது நல்ல வேலை இல்லை.

2. நால்வரைக் கெடுப்பது பெரும்பாலும் நம் வாய்தான். பயிற்சியில் நாலாவது ஆள் ஒருவன் திறந்த இடத்தில் நின்று அடித்து, பந்து ரிங்கில் பட்டு வெளியே வந்துவிட்டால், "உன்னை யாருடா அடிக்கச் சொன்னா?" என்று சைடுலைனிலிருந்து கத்துகிறோம். அதே இடத்திலிருந்து ஸ்டார் அடித்துத் தவறினால், "பரவாயில்ல, அடுத்தது" என்கிறோம். பையன்கள் முட்டாள்கள் அல்ல. பாஸ் கொடுத்தால் திட்டு கிடையாது, அடித்தால் திட்டு உண்டு என்று ஒரே வாரத்தில் கற்றுக்கொள்வார்கள்.

அதற்குப் பிறகு அவன் பந்து வாங்குவதை உற்றுப் பாருங்கள். பந்து கைக்கு வந்ததும் கண் ரிங்குக்குப் போகாது. இரண்டு கையாலும் பந்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, கழுத்தைத் திருப்பி ஸ்டார் எங்கே என்று தேடுவான். முழங்கால் நேராக இருக்கும், பாதம் தட்டையாகத் தரையில் இருக்கும். அந்த நிலையிலிருந்து யாராலும் அடிக்க முடியாது. எதிரணிக்காரனுக்கு இது தெரிய இரண்டு நிமிடம் போதும். அவனை விட்டு மூன்றடி பின்னால் போய், ஸ்டார் பக்கம் சாய்ந்து நிற்பான். இப்போது உங்கள் ஸ்டாரை ஒன்றரை ஆள் காக்கிறார்கள். இதே மாதிரி இன்னொரு பையனும் இருந்தால் இரண்டு ஆள். இதைத்தான் நாம் "எதிரணி டபுள் டீம் போட்டுட்டாங்க" என்று சொல்லிக்கொள்கிறோம். போட்டது அவர்கள். ஆளைக் கொடுத்தது நாம்.

3. எதிரணி எப்படிப் பூட்டும் என்பதை உங்கள் பையன்களுக்கு முன்கூட்டியே காட்டிவிடுங்கள். பாக்ஸ் அண்ட் ஒன் என்றால் நாலு பேர் சதுரமாக இடத்தைக் காப்பார்கள், ஐந்தாவது ஆள் ஸ்டாரின் நிழலாகத் திரிவான். டிரையாங்கிள் அண்ட் டூ என்றால் மூன்று பேர் இடத்தைக் காப்பார்கள், இரண்டு பேர் ஆளைக் காப்பார்கள். இது எதுவுமே இல்லாமல், கை நீளமும் கால் வேகமும் உள்ள ஒரே ஆளை ஒட்டவிட்டும் வேலையை முடிக்கலாம். 1994-இல் பர்டூ பல்கலைக்கழகத்தின் கிளென் ராபின்சன் ஆட்டத்துக்கு 30 புள்ளிக்கு மேல் எடுத்து அமெரிக்காவிலேயே முதலிடத்தில் இருந்தார். என்.சி.ஏ.ஏ. போட்டியில் கான்சஸுக்கு எதிராக 44 எடுத்தார். அடுத்த ஆட்டம் டியூக்குடன். கிராண்ட் ஹில் அவரை ஒட்டி நின்றார். ராபின்சன் எடுத்தது 13. பர்டூ 69-60 என்று தோற்று வீட்டுக்குப் போனது. முந்தின ஆட்டத்தில் அவர் எடுத்த 44 அவர்களுக்கு எந்த உதவியும் செய்யவில்லை.

4. பூட்டாமலேயும் தோற்கடிப்பார்கள். இதைப் புதியவர்கள் யோசிப்பதே இல்லை. அதே பர்டூதான், முப்பது வருடம் கழித்து. சாக் ஈடி ஏழடி நாலங்குல உயரம். 2023 என்.சி.ஏ.ஏ. போட்டியில் பர்டூவுக்கு முதல் தரவரிசை. எதிரே பதினாறாம் தரவரிசையில் ஃபேர்லே டிக்கின்சன் என்ற சின்னப் பல்கலைக்கழகம். சராசரி உயரத்தில் அந்த வருடம் முதல் டிவிஷனிலேயே குட்டையான அணி அதுதான். அவர்கள் ஈடிக்கு முன்னால் ஒருவன், பின்னால் ஒருவன் என்று நின்று, பந்து உள்ளே வரும் வழியையே அடைத்தார்கள். வெளியே நின்ற பர்டூ பையன்களுக்கு ஆள் இல்லாத ஷாட்டுகள் கிடைத்துக்கொண்டே இருந்தன. 26 முறை மூன்று புள்ளிக்கு அடித்தார்கள். விழுந்தது ஐந்து. 63-58. ஆண்கள் போட்டியில் பதினாறாம் தரவரிசை அணி முதல் தரவரிசை அணியை வீழ்த்தியது அதற்கு முன் ஒரே ஒரு முறைதான்.

மறு வருடம் பர்டூ திரும்பி வந்து இறுதி ஆட்டம் வரை போனது. எதிரே கனெக்டிகட். அதன் கோச் டேன் ஹர்லி நேர் எதிராகச் செய்தார். ஈடியை உள்ளே ஒரே ஆள் காக்கட்டும், எடுப்பதை எடுக்கட்டும் என்று விட்டுவிட்டு, மற்ற நாலு பேர் வெளியிலிருந்து அடிக்க இடமே கொடுக்காதீர்கள் என்றார். ஈடி 37 எடுத்தார். அணி மொத்தமும் 60. மற்றவர்கள் அத்தனை பேரும் சேர்ந்து 23. முழு ஆட்டத்திலும் பர்டூ மூன்று புள்ளிக்கு அடித்ததே ஏழு முறை, விழுந்தது ஒன்று. கனெக்டிகட் 75-60 என்று கோப்பையை எடுத்தது. அந்த கனெக்டிகட்டில் தொடக்க ஐவருமே அந்த சீசனில் சராசரியாகப் பத்துப் புள்ளிக்கு மேல் எடுத்தவர்கள் என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த இரண்டு ஆட்டத்தையும் அடுத்தடுத்து உட்கார்ந்து பாருங்கள். ஒரு வருடம் ஸ்டாரை அடைத்து ஜெயித்தார்கள். மறு வருடம் ஸ்டாரை விட்டுவிட்டு ஜெயித்தார்கள். ஒருவனை மையமாக வைத்து ஆடும் அணி, எதை அடைப்பது என்ற முடிவை எதிரணி கோச்சின் கையில் கொடுத்துவிடுகிறது. அவர் தன்னிடம் இருக்கும் ஆட்களைப் பார்த்து வசதியானதைத் தேர்ந்துகொள்வார். ஐந்து பக்கமும் அபாயம் இருந்தால் அவருக்கு அந்த வசதி இல்லை.

5. எதிரணி ஸ்டாரைப் பூட்ட இரண்டு பேரைச் செலவழித்தால் சந்தோஷப்படுங்கள். 2008 நவம்பர் 25. டேவிட்சன் என்ற சிறிய கல்லூரியில் ஸ்டீஃபன் கறி மூன்றாம் ஆண்டு. அமெரிக்கா முழுவதும் பெயர் தெரிந்த ஷூட்டர். மேரிலண்டிலிருந்து வந்த லொயோலா அணியின் கோச் ஜிம்மி பாட்சோஸ், கறி பந்தோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரண்டு பேர் அவரைவிட்டு அகலக் கூடாது என்று சொல்லியிருந்தார். கறி என்ன செய்தார்? கோர்ட்டின் மூலையில் போய் நின்றுகொண்டார். இரண்டு பேரும் அவரோடு மூலைக்குப் போனார்கள். மிச்ச இடத்தில் டேவிட்சனின் நாலு பேருக்கு எதிரே லொயோலாவின் மூன்று பேர். ஆட்டம் முழுக்க இதேதான் நடந்தது. கறி அடித்தது மூன்றே ஷாட். எடுத்த புள்ளி பூஜ்யம். டேவிட்சன் 78-48 என்று ஜெயித்தது.

முப்பது புள்ளி வித்தியாசம் தம்பி! என் பார்வையில் கறியின் கல்லூரி ஆட்டங்களில் இளம் கோச்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான், நாற்பது எடுத்த ஆட்டங்களை அல்ல. மூலையில் நிற்க ஒப்புக்கொண்ட பிள்ளையின் மனதையும் பாருங்கள், மூன்று பேரை எதிர்த்து நாலு பேராக என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த மற்றவர்களையும் பாருங்கள். இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் அந்த ஸ்கோர் வந்திருக்காது. டேவிட்சன் கோச் பாப் மெக்கிலப் அதை அன்று இரவு சொல்லிக் கொடுத்திருக்க முடியாது. பயிற்சியில் ஏற்கெனவே இருந்த பழக்கம் அது.

6. பயிற்சிக்கு வருவோம், வேலை அங்கேதான் இருக்கிறது. உங்களுக்குச் செலவே வைக்காத சில வழிகள் சொல்கிறேன். பயிற்சி ஆட்டத்தில் பத்து நிமிடத்துக்கு ஸ்டார் போடும் கூடைக்கு ஒரு புள்ளி, மற்றவர்கள் போட்டால் இரண்டு என்று வையுங்கள். கத்தவே வேண்டாம், பந்து தானாகச் சுற்றும். இன்னொரு நாள் ஸ்டாரை மூலையில் நிறுத்தி, அவன் மேல் இரண்டு டிஃபன்ஸ்காரர்களைப் போட்டு, மிச்சத்தை நாலுக்கு மூன்றாக ஆட விடுங்கள். முதல் வாரம் பார்க்கவே சகிக்காது. ஆள் இல்லாத இடத்துக்கு ஓடத் தெரியாமல் நாலு பேரும் ஒரே பக்கம் குவிவார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது வாரம் பந்து மூன்று பாஸில் ரிங்குக்கு அடியில் போய்விடும்.

டிரிப்ளிங்கே கூடாது என்று வைத்து ஆடுவதும் நல்லது. பந்தைத் தட்ட முடியாது என்றால் மற்றவன் நகர்ந்தே ஆக வேண்டும்.

அப்புறம், நால்வரில் ஒவ்வொருவனுக்கும் இரண்டு இடம் சொந்தமாகக் கொடுங்கள். ஒருவனுக்கு வலது மூலை, ஒருவனுக்கு ஃப்ரீ த்ரோ கோட்டின் முனை, உயரமானவனுக்கு இடது பக்க போர்டு ஷாட். அந்த இரண்டு இடத்தில் பந்து வந்தால் அடித்தே ஆக வேண்டும், அடிக்காமல் பாஸ் கொடுத்தால்தான் திட்டு என்று சொல்லுங்கள். எல்லா இடத்திலிருந்தும் அடிக்கத் தெரிந்தவனாக அவனை மாற்ற உங்களுக்கு நேரம் கிடையாது, காலை இரண்டு மணி நேரம், சாயங்காலம் இருட்டும் வரை, அவ்வளவுதான். ஆனால் இரண்டு இடத்தில் அவனை நம்பகமானவனாக்கிவிட முடியும். இந்த ஷூட்டிங்கைப் பயிற்சியின் தொடக்கத்தில் வைக்காதீர்கள். ஓட்டமெல்லாம் முடிந்து, பனியன் பிழிகிற மாதிரி நனைந்த பிறகு வையுங்கள். மேட்ச்சில் அந்தப் பந்து அவன் கைக்கு வருவது அந்த நிலையில்தான்.

பந்து வாங்கியதும் முதலில் ரிங்கைப் பார் என்பதைத் தினமும் சொல்லுங்கள். அடிக்காவிட்டாலும் பார்க்கட்டும். பார்த்தாலே அவனைக் காப்பவன் ஓரடி முன்னால் வருவான். அந்த ஓரடிதான் ஸ்டாருக்கு மூச்சுவிடும் இடம்.

7. ஸ்டாரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். எல்லோர் முன்னாலும் "நீ பந்தைக் கொடுக்கிறதே இல்லை" என்று சொன்னால் இரண்டு ஆட்டத்துக்கு வேண்டுமென்றே அடிக்காமல் நிற்பான். அது அணிக்குள் வேறொரு வியாதி. அவனுக்குப் புதிதாக வேலை கொடுத்துப் பேசுங்கள்: பந்து இல்லாதபோது ஸ்கிரீன் போடுவது, வெட்டி ஓடுவது, ரீபவுண்டுக்குப் போவது. ஸ்டார் போடும் ஸ்கிரீனுக்கு விலை அதிகம். அவனைக் காப்பவன் அவனை விட்டு விலகப் பயப்படுவான், அந்த நேரத்தில் மற்றவன் சும்மா நடந்து போய் லே-அப் போடலாம்.

லூ அல்சிண்டார், பிற்காலத்தில் கரீம் அப்துல்-ஜப்பார், யு.சி.எல்.ஏ. கல்லூரி அணிக்கு ஆடிய முதல் ஆட்டத்திலேயே 56 எடுத்தவர். அதோடு நிற்காமல் ஆட்டத்துக்கு ஆட்டம் அறுபது எடுக்க விட்டிருக்கலாம். கோச் ஜான் வுடன் விடவில்லை. மூன்று வருடத்தில் அல்சிண்டாரின் சராசரி 29, பிறகு 26.2, பிறகு 24 என்று இறங்கிக்கொண்டே போனது. அணி 88 ஆட்டம் ஜெயித்து இரண்டே தோற்றது. மூன்று வருடமும் தேசிய சாம்பியன். உங்கள் ஸ்டாரிடம் மாராவிச்சின் கணக்கையும் இதையும் ஒரே தாளில் எழுதிக் காட்டுங்கள். வேறு பிரசங்கம் தேவைப்படாது.

8. பாஸ் கொடுக்கும் ஸ்டார் இருந்தாலே பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். அயோவா பல்கலைக்கழகப் பெண்கள் அணியின் கேட்லின் கிளார்க் சுயநலக்காரி இல்லை. 2023-24 சீசனில் புள்ளியிலும் முதலிடம், அசிஸ்டிலும் முதலிடம். மாராவிச்சின் 3,667-ஐயும் கடந்து 3,951-இல் முடித்தவர். 2024 பெண்கள் இறுதி ஆட்டத்தில் சவுத் கரோலினாவுக்கு எதிராக முதல் கால் பகுதியில் மட்டும் 18 எடுத்தார். மிச்ச மூன்று கால் பகுதியிலும் சேர்த்து 12. சவுத் கரோலினா ஆட்களை மாற்றி மாற்றி இறக்கியது, புதுக் கால்கள் அவரைத் துரத்திக்கொண்டே இருந்தன. அந்த ஆட்டத்தில் சவுத் கரோலினாவின் பெஞ்சிலிருந்து வந்தவர்கள் எடுத்தது 37 புள்ளி. அயோவாவின் பெஞ்ச் எடுத்தது பூஜ்யம். 87-75.

களைப்பு எங்கே தெரியும் என்றால், ஷாட் ரிங்கின் முன்பக்கத்தில் இடிக்கும்போது தெரியும். குறி சரியாக இருக்கும், பந்து ஒரு சாண் குறையும். கை தவறவில்லை, கால் தளர்ந்துவிட்டது. உங்கள் ஸ்டார் அப்படி இரண்டு முறை அடித்தால் தயங்காமல் வெளியே கூப்பிட்டு மூன்று நிமிடம் உட்கார வையுங்கள். ஆறாவது, ஏழாவது ஆளை முதல் பாதியிலேயே இறக்கிப் பழக்கியிருந்தால்தான் அந்தத் தைரியம் வரும். ஸ்டாருக்கு ஐந்தாவது ஃபவுல் விழுந்த பிறகு முதல் முறையாக இறங்கும் பையனிடம் எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

9. நம் கல்லூரிகளில் இந்த நோய்க்கு இன்னொரு காரணம் ஸ்போர்ட்ஸ் கோட்டா. ஒன்றிரண்டு பேரை அதில் சேர்க்கிறோம். மிச்ச இடத்தைப் பள்ளியில் கொஞ்சம் ஆடியவர்களை வைத்து நிரப்புகிறோம். சேர்க்கும்போதே "அவன் பார்த்துக்குவான்" என்று முடிவாகிவிடுகிறது. நிர்வாகமும் அப்படியே எதிர்பார்க்கும், பேப்பரில் அவன் படம் மட்டும் வரும். அதையெல்லாம் உங்களால் நிறுத்த முடியாது. ஆனால் நோட்டீஸ் போர்டில் நீங்கள் ஒட்டும் தாளில் அசிஸ்ட், ரீபவுண்ட், ஸ்கிரீன் எல்லாவற்றுக்கும் கட்டம் போட முடியும். கோட்டாவில் வராத பையன் தன் பெயரை ஏதோ ஒரு கட்டத்தில் முதலில் பார்த்தால் மறுநாள் பத்து நிமிடம் முன்னாடியே கோர்ட்டுக்கு வருவான்.

10. "ஒருவனை வைத்தே கோப்பை வாங்கியவர்களும் இருக்கிறார்களே?" என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். 1988-இல் கான்சஸ். அந்த சீசனில் 11 ஆட்டம் தோற்ற அணி, இறுதியில் ஓக்லஹோமாவை 83-79 என்று வென்றது. டேனி மேனிங் 31 புள்ளி, 18 ரீபவுண்ட். அந்த அணிக்கே அவர் பெயரை வைத்துத்தான் பட்டப்பெயர். ஆனால் அந்த ஸ்கோர் ஷீட்டைக் கீழே வரைக்கும் படியுங்கள். மில்ட் நியூட்டன் என்ற பையன் ஆறு ஷாட் அடித்தான், ஆறும் விழுந்தது. மேனிங் மேல் எல்லோரும் பாய்ந்தபோது தனக்கு வந்த பந்தைத் தயங்காமல் அடித்தவன் அவன். ஸ்டாரை நம்புவது தவறு என்று நான் சொல்லவே இல்லை. நல்ல ஷூட்டர் இருந்தால் அவனுக்குத்தான் அதிகப் பந்து போக வேண்டும். மற்றவர்களுக்கு வரும் ஆறு பந்தை அடிக்க அவர்கள் தயாராக இருக்கிறார்களா என்பதுதான் என் கேள்வி.

11. ஸ்டார் படிப்பை முடித்துப் போனதும் ஒப்பாரி வைக்காதீர்கள். ஆஸ்கர் ராபர்ட்சன் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஆடிய மூன்று வருடமும் அமெரிக்காவிலேயே அதிகப் புள்ளி எடுத்தவர், சராசரி 33.8. அணி அவரோடு கடைசி நான்கு அணிகள் சுற்றுக்கு 1959-இலும் 1960-இலும் போனது. இரண்டு முறையும் கோச் பீட் நியூவெல்லின் கலிஃபோர்னியா அணி அவரை இருபது புள்ளிக்குள் நிறுத்தி, சின்சினாட்டியைத் தோற்கடித்து அனுப்பியது. 1960-இல் ராபர்ட்சன் போய்விட்டார். இனி இந்த அணி அவ்வளவுதான் என்று ஊரே நினைத்திருக்கும். புதுக் கோச் எட் ஜக்கர் ஆட்டத்தின் வேகத்தைக் குறைத்தார், டிஃபன்ஸைக் கெட்டியாக்கினார், நல்ல ஷாட் கிடைக்கும் வரை பந்தைச் சுற்ற விட்டார். 1961-இல் தேசிய சாம்பியன். 1962-இலும் தேசிய சாம்பியன். இரண்டு இறுதியிலும் தோற்றது ஜெர்ரி லூகாஸ் ஆடிய ஓஹையோ ஸ்டேட், 1960-இன் சாம்பியன்.

இதைச் சொன்னால் சிலர் "அப்போ ராபர்ட்சன் பாரமா?" என்கிறார்கள். அது அபத்தம். அவர் இருந்த மூன்று வருடத்தில் அணி தோற்றது ஒன்பது ஆட்டம்தான். அவரைவிட முழுமையான ஆட்டக்காரரைக் கல்லூரி ஆட்டம் அதிகம் கண்டதில்லை. போன பிறகு வந்த ஐவருக்கு வேறு வழி இல்லாததால் எல்லோரும் எல்லாம் செய்யக் கற்றுக்கொண்டார்கள். ஸ்டார் இருக்கும்போதே அதைக் கற்றுக்கொடுக்க முடியுமா என்பதுதான் கோச்சுக்கு வைக்கும் பரீட்சை. நம்மில் பலர் அதில் தேறுவதில்லை.

12. கடைசி ஷாட்டுக்கு இரண்டு வழி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வழி ஸ்டார். அவனை அடைத்தால் பந்து யாருக்குப் போகும், அவன் எங்கே நிற்பான் என்பது பயிற்சியிலேயே முடிவாகி இருக்க வேண்டும். டைம் அவுட்டில் அரை நிமிடத்தில் சொல்லிப் புரிய வைக்கிற விஷயம் இல்லை அது.

2008 மார்ச்சில் என்.சி.ஏ.ஏ. போட்டியில் டேவிட்சன், கான்சஸோடு ஆடியது. ஜெயித்தால் கடைசி நான்கு அணிகள் சுற்று. அந்தப் போட்டியில் கறி 40, 30, 33 என்று எடுத்து வந்திருந்தார். அன்று 25. கான்சஸ் 59-57 என்று முன்னால் இருக்க, கடைசி வாய்ப்பு டேவிட்சனுடையது. கறி கையில் பந்து. இரண்டு பேர் அவர் மேல் ஏறிவிட்டார்கள். அமெரிக்கா முழுவதும் கறி அடிப்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தது. அவர் ஜேசன் ரிச்சர்ட்ஸுக்குப் பாஸ் கொடுத்தார். அந்த சீசனில் நாட்டிலேயே அதிக அசிஸ்ட் கொடுத்த பையன் ரிச்சர்ட்ஸ். தூரத்திலிருந்து அடித்தார். விழவில்லை. ஆட்டம் முடிந்தது. கான்சஸ் பிறகு அந்த வருடக் கோப்பையை எடுத்தது.

அந்தப் பாஸ் சரியான பாஸ். இரண்டு பேர் ஏறி நிற்கும்போது ஸ்டார் அடிப்பதைவிட, தெரிந்த கைக்குக் கொடுப்பதுதான் ஆட்டம். உங்கள் பையனும் ஒரு நாள் அதே பாஸைக் கொடுப்பான், வாங்கியவன் அடித்துத் தவறவிடுவான், நீங்கள் தோற்பீர்கள். அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது இரண்டு பேரில் ஒருவரையும் திட்டாதீர்கள். திட்டினால், அடுத்த சீசனில் அந்தப் பாஸ் வராது.